நூறு இருக்கா?

தூக்கின வேகத்தில் கேன் இந்திராணியின் தலைக்கு மேலே போய்விட்டது. கனக்கும் என்று நினைத்துக் கைக்கு அவ்வளவு பலம் கொடுத்திருந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை.

குலுக்கிப் பார்த்தாள். மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். ஒரே ஒரு சொட்டு யோசித்து யோசித்து இறங்கி மணலில் விழுந்தது.

"போச்சு, மானம் போச்சு!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைச் சுவரோரம் மீன் வறுவல் கடை போட்டிருப்பவள் இந்திராணி. இறால் வறுப்பதில் அவளுக்கு எவ்வளவு பெயரோ, ஒப்படைத்த பொருளைக் காப்பதிலும் அவ்வளவு பெயர் உண்டு. ஏரியில் படகுச் சவாரி போகிறவர்கள் செருப்பு, கைப்பை, வண்டிச் சாவி என்று எல்லாவற்றையும் அவள் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்த மாமனாரையே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. திரும்பி வந்தபோது செருப்பும் இருந்தது, மாமனாரும் இருந்தார்.

இந்தக் கேனை விட்டுப் போனவன் சென்னைப் பூபதி. அவனுடைய ஆரஞ்சு நிறக் கார் தெருவில் நுழைந்தாலே கோழிகள் கூரை ஏறிவிடும். இன்று காலையில் அவனும் ஒரு சிநேகிதனும் முன்சீட்டிலிருந்து இறங்கினார்கள். பின்சீட்டிலிருந்து, காரைத் துடைப்பது முதல் பெட்ரோல் பிடித்து வருவது வரை பார்த்துக்கொள்ளும் மாரி இறங்கினார். நரைத்த மீசைக்காரர். பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல் அந்தக் கேனை ஏந்திக்கொண்டு இறங்கினார்.

"அக்கா, இது சாதா பெட்ரோல் இல்ல. நூறு ஆக்டேன்" என்றான் பூபதி.

"அப்படின்னா?"

"பெட்ரோல்லயே ராஜா. என் வண்டி இன்ஜினை ரேஸ் வண்டி மாதிரி ட்யூன் பண்ணி வச்சிருக்கேன். இதைத் தவிர எதையும் குடிக்காது. சாதா பெட்ரோல் உள்ளே போச்சுன்னா டொக்கு டொக்குனு தட்டும். அப்புறம் இன்ஜினே உடைஞ்சிடும். திரும்பிப் போறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. வெயில்ல கார்க்குள்ள வைக்கக் கூடாது. உங்க கடையில நிழல்ல இருக்கட்டும்."

"நீ போய்க் கொக்கு, நாரையெல்லாம் பார்த்துட்டு வா தம்பி. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, அடுப்புக்கு எட்டாத தூரத்தில், சுவர் நிழலில் அவள்தான் வைத்தாள். இறால் வாங்க மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் கேன் காலி.

சற்றுத் தள்ளி, கரையில் படகைக் கட்டிவிட்டு அவள் புருஷன் தருமன் வந்துகொண்டிருந்தான். வழக்கமாகக் களைத்து வருகிறவன் இன்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தான்.

"இன்னாமே, இன்னிக்கு நம்ம போட்டு பறந்துச்சு தெரியுமா! லைட்ஹவுஸ் குப்பத்தாண்ட போறேன், ஜனமெல்லாம் வலையப் போட்டுட்டு எழுந்து நின்னு பார்க்குது. பூநாரைக் கூட்டம் ஒண்ணு கூடவே வந்துச்சு. பாவம், முடியாம பின்தங்கிடுச்சு."

இந்திராணிக்குப் புரிந்துவிட்டது.

"யோவ், நீயா எடுத்த?"

"மோட்டாருக்குப் பெட்ரோலு இல்ல. கடையாண்ட வந்தேன், கேன் இருந்துச்சு. இன்னா பெட்ரோலுமே அது! ஊத்துனதும் மோட்டாரு குரலே மாறிடுச்சு."

"மிச்சம் எங்கய்யா?"

"அந்த ருசி கண்ட மோட்டாரு மிச்சம் வைக்குமா?"

விஷயத்தைச் சொன்னாள். தருமனுடைய முகத்தில் ஒரு கணம் பயம் வந்தது. உடனே பெருமை வந்து அதைத் தள்ளிவிட்டது. "நூறா? அதான பார்த்தேன். எனக்கு அப்பவே டவுட்டு."

"பேஜார் பண்ணாத. வண்டிய எடு."

எக்ஸெல் மொபெட்டில் இருவரும் திருப்பாலைவனம் பக்கத்துப் பங்க்குக்குப் பறந்தார்கள். கேனில் பெட்ரோல் தர மாட்டார்கள் என்பதால் வண்டியில் நிரப்பி, அப்புறம் குழாய் போட்டு இறக்கிக்கொள்வதாகத் திட்டம்.

"நூறு இருக்காப்பா?" என்று கேட்டாள் இந்திராணி, அதிக நம்பிக்கை இல்லாமல்.

பங்க்காரன் பொத்தானைத் தட்டிப் பெட்ரோல் போட்டான். "ஆச்சுக்கா."

"இன்னா ஆச்சு?"

"நூறு. மீட்டரைப் பாருங்க."

பார்த்தாள். பளிச்சென்று நூறு என்றே இருந்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சென்னையில் அலைந்து திரிந்து வாங்குகிற சாமான் திருப்பாலைவனத்தில் கேட்டவுடன் கிடைக்கிறதே!

"அப்ப டேங்க் நிறையப் போடுப்பா."

"நிறையன்னா நானூறு ஆவும்க்கா."

"நானூறா? ஐயோ, அவ்ளோ உசத்தி வேணாம். அந்தப் புள்ள வண்டி தாங்காது. நூறே போதும், ஆனா நிறையப் போடு."

பங்க்காரன் பெட்ரோல் குழாயைக் கீழே இறக்கினான். "அக்கா, நான் ரூபா சொல்றேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "அந்த நூறு இங்க வராதுக்கா. மெட்ராஸ்ல கேட்டுப் பாருங்க."

கேனில் ஏதாவது இருந்தாக வேண்டுமே என்று சாதா பெட்ரோலையே நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். வழியெல்லாம் டொக்கு டொக்கு என்று சத்தம் கேட்பதுபோலவே இருந்தது அவளுக்கு.

"வீரராகவனைக் கேட்போம்மே" என்றான் தருமன்.

படகு மோட்டார் பழுது பார்க்கிற வீரராகவன் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொன்னவரில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு வெற்றிலையை ஓரம் தள்ளினார்.

"நூறுங்கறது இன்னா? பெட்ரோலுக்கு ரோஷம் வரணும், அவ்ளோதான். பாச்சை உருண்டை போடு, வந்துடும்."

"புடவைக்கு நடுவுல வைக்கிற பாச்சை உருண்டையா?"

"அதேதான். பூச்சியே ஓடுது, வண்டி ஓடாதா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எக்ஸெல்லிலிருந்து கேனுக்குப் பெட்ரோலை இறக்கி, பாச்சை உருண்டை ஒரு பாக்கெட் வாங்கி, பாதியை உள்ளே போட்டுக் குலுக்கினார்கள். பட்டுப் புடவைப் பெட்டியைத் திறந்தமாதிரி பட்டறை முழுவதும் வாசனை.

அத்தோடு விட்டிருக்கலாம். தருமன் கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா அது நீலமா இருந்துச்சே" என்றான்.

"நீலமா?"

"ஆமா. இப்பிடிப் பச்சத் தண்ணி மாதிரி இல்ல. வெளியே இருந்து பார்த்தப்பவே ஏரி மாதிரி நீலமா தெரிஞ்சுது."

"நல்லா ஞாபகம் இருக்குதா?"

"எங்க நைனா மேல சத்தியம்!"

வீரராகவனும், உசத்தி என்றால் நிறம் இருக்கத்தான் செய்யும் என்றார். இந்திராணி மளிகைக் கடைக்கு ஓடினாள். துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். கேனுக்குள் தாராளமாகச் சொட்டினாள். குலுக்கினாள். கலந்ததா என்று பார்க்க ஒரு அலுமினிய அண்டாவில் முழுவதையும் கொட்டினார்கள்.

கலக்கவில்லை. பெட்ரோல் பெட்ரோலாகவே இருந்தது. அடியில் நீலம் மட்டும் மணி மணியாக உருண்டு விளையாடியது.

"தண்ணிப் பொருளும் எண்ணெய்ப் பொருளும் எங்கயாவது சேருமா?" என்றார் வீரராகவன், இவ்வளவு நேரம் இந்த யோசனைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல. பிறகு காலிக் கேனை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தருமா, இந்தக் கேன் இன்னா கலரு?"

தருமன் பார்த்தான். இந்திராணியும் பார்த்தாள்.

"நீலம்" என்றான் தருமன், கேட்டும் கேட்காத குரலில்.

அண்டாவில் இருந்த பெட்ரோல் நட்டு போல்ட்டு கழுவ ஆகும் என்று வீரராகவன் எடுத்துக்கொண்டார். எக்ஸெல் மறுபடியும் திருப்பாலைவனம் போயிற்று.

"இன்னும் நூறா அக்கா?" என்று கேட்டான் பங்க்காரன்.

"ரூபா நூறு இல்லப்பா, நானூறு" என்றாள் இந்திராணி பல்லைக் கடித்துக்கொண்டு.

திரும்பி வந்து, கேனைத் துடைத்து, பெட்ரோலை ஊற்றி, ரோஷத்துக்காக மீதிப் பாச்சை உருண்டையையும் போட்டு முடிக்கவும், பூபதியும் மற்ற இருவரும் போன படகு கரைக்கு வரவும் சரியாக இருந்தது.

அந்த நிமிஷத்தில் இந்திராணிக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அந்தப் புள்ளை நம்பி விட்டுப் போனான். அவன் காரை உடைத்துவிட்டு, 'இந்திராணி கடையில் வைத்தால் பத்திரம்' என்று நாலு பேர் சொல்வதை இனி எந்த முகத்தோடு கேட்டுக்கொள்வது? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"தம்பி, அந்தக் கேனு..."

"சூடாகாம பார்த்துக்கிட்டீங்களா? ரொம்ப தேங்க்ஸ்க்கா." மூடியைத் திறந்தவன் மூக்கை உள்ளே விட்டான். கண்ணை மூடினான். "ஆஹா! மச்சான், இங்க வா. மோந்து பாரு."

சிநேகிதன் மோந்தான். "என்னடா, ஒரு மாதிரி..."

"அதான்டா நூறு! சாதா பெட்ரோல்ல இந்த வாசனை வருமா? அந்தக் கெத்தே தனி."

"அது இல்ல தம்பி, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"அக்கா, உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கு வாசனையிலேயே தெரிஞ்சிடும். வருஷக்கணக்கா பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே கேனைக் காரில் கவிழ்த்தான். கடைசிச் சொட்டுவரை தட்டித் தட்டி ஊற்றினான்.

இந்திராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கார் உறுமியது. கூரையில் இருந்த கோழி அடுத்த கூரைக்குப் போயிற்று. பூபதி மறுபடியும் மறுபடியும் உறும விட்டான்.

"கேட்டீங்களா சத்தத்தை! தொண்டையைக் கனைச்சுக்கிட்டுப் பாடுது பாருங்க!"

"நான்தான் சொன்னனே, குரலே மாறிடும்னு" என்றான் தருமன், எந்தப் பெட்ரோலை ஊற்றியிருக்கிறோம் என்பதை அடியோடு மறந்து. படகு பறந்த கதையை உடனே ஆரம்பிக்கப் போனவன் இந்திராணி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

ஒவ்வொரு உறுமலுக்கும் நடுவில் அவள் காதுக்கு மட்டும் டொக்கு டொக்கு என்று கேட்டது. இவர்கள் பொன்னேரி தாண்டுவார்களா? நடுரோட்டில் இன்ஜின் வெடித்தால் மூன்று உயிர் அல்லவா?

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கடைக்குப் பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்த மாரியிடம் ஓடினாள்.

"அண்ணே, நீயாவது உங்க சாராண்ட சொல்லு. வண்டிய எடுக்க வேணாம்னு சொல்லு. உன் கேனுல இருந்த நூறை எங்க வூட்டுக்காரரு மோட்டாருக்கு ஊத்திட்டாரு. இப்ப கார்ல இருக்கிறது திருப்பாலைவனம் பங்க்கு பெட்ரோலு. நானும் எங்கெங்கயோ தேடிப் பார்த்தேன், அந்த நூறு கிடைக்கவே இல்லண்ணே!" அழுதேவிட்டாள்.

மாரி பதறவில்லை. காரிருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். துண்டால் மீசையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார். அவளுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாதம்மா. நானும்தான் இத்தினி வருஷமா தேடறேன். எனக்கு மட்டும் எங்க கிடைச்சுது?"