தங்கச்சியின் தொடை எலும்பு

நாம் என்ன படிக்கிறோம் என்பது வீட்டாருக்கு விளங்காமல் இருப்பதில் ஆபத்து ஒன்றும் இல்லை. விளங்கவைக்கக் கிளம்பும்போதுதான் ஆபத்து. நான் கிளம்பினேன்.

எண்பதுகளின் நடுவில் பல்கலைக்கழகத்தில் எனக்கு வாய்த்த ஆய்வு, மனித எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பது. தொடை எலும்பை வரைந்து, சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கேட்க வேண்டும். (அது பதில் சொல்வதற்குள் நிஜ எலும்பே முறிந்து கூடிவிடும்.) விடுமுறைக்கு நமுனுகுல தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது, அந்தப் படத்தைத் தாள் தாளாக இணைத்து, ஆளுயரத்துக்கு முன்னறைச் சுவரில் ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் லுணுகலையிலிருந்து என் தங்கை சாந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அம்மா உட்கார்ந்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், அது என்ன என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்.

"தொட எலும்புங்க. நம்ம புள்ளையோடதுதான்" என்றார் அப்பா, பெருமையாக.

அப்பா சொன்ன புள்ளை நான். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் புள்ளை என்றால் சாந்திதானே? இது தெரியாமல் நான் முறுக்குத் தட்டோடு உள்ளே நுழைந்தேன்.

"தம்பி, இப்புடி நொறுங்கிப் போயிருக்கே, எப்புடி ஆச்சு?" என்றார் அந்த அம்மா.

என் ஆய்வைப் பற்றி அக்கறையாகக் கேட்ட முதல் மனிதர் அவர். முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு விளக்கத் தொடங்கினேன்.

"தானா நொறுங்கலைங்க. நான்தான் துண்டு துண்டாப் பிரிச்சேன்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஏன் தம்பி?" என்றார்.

"படிப்புக்குத்தாங்க."

பாரம் தாங்குமா என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நின்றால் தாங்கும், படியேறினால் சந்தேகம் என்று சொல்லி, முதலில் விரிசல் விடும் இடத்தையும் விரலால் காட்டினேன். (கணக்கில் எங்கேயோ பிழை. அந்த எலும்பு ஒரு பூனையைக்கூடத் தாங்காது என்றுதான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டிருந்தது. விருந்தாளிகளிடம் அதை எதற்குச் சொல்வது?)

அதன் பிறகு அவர்களுக்கு ஓயாத தாகம். சாந்தி தண்ணீர் கொண்டுவந்தாள், மறுபடியும் கேட்டார்கள், பிறகு வெந்நீர் கேட்டார்கள். அடுப்படிக்குப் படியேறிப் போகும் அவள் காலையே எல்லோரும் பார்த்தார்கள். லுணுகலையில் தண்ணீர்ப் பஞ்சமோ என்று நான் குழம்பினேன். கடைசியில் தகவல் அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகுதான் அந்த அம்மாவின் குடை மூலையில் கிடப்பதைக் கண்டோம். சாந்தி அதை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள். பின்னால் ஓடிய நான் வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். சேறும் சகதியுமாக ரோட்டுக்கு ஏறி வந்தபோது, பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் அவள் குடையைக் கொடுத்திருந்தாள். அந்த அம்மா குடையைப் பார்க்கவில்லை.

"இவ்வளவு தூரம் ஓடியா வந்த? அப்ப அந்த ஒடைஞ்ச காலு?"

"எந்தக் காலுங்க?" என்றாள் சாந்தி.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சுவரில் இருப்பது என் படிப்புக்காக வரைந்த படம், சாந்தியின் கால் இல்லை என்று சேறு சொட்டச் சொட்டச் சொன்னேன். முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். பஸ் வந்தது, போனது. அவர்கள் மறுபடியும் மேலே ஏறி வந்து, சீனி போட்ட தேத்தண்ணி குடித்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அந்த அம்மா மட்டும் என்னைக் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வார். இன்றும் சாந்தி வீட்டுக்குள் நான் நுழைந்தால், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்:

"கால மடக்கு. மாமா படிக்கப் போறாரு."