கெண்டைக்கால் சாரும் விசாரணைக் கமிட்டியும்

மனிதனுக்கு முழங்காலுக்கு மேலே பார்க்கத் தகுந்ததாக எதுவுமே இல்லை என்று நம்பியவர், எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் கெண்டைக்கால் சார்.

குனிந்த தலை நிமிராது. எதிரே வருகிறவரின் கெண்டைக்காலைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்வார். ஒரு நாள் பிரின்சிபாலுக்கே வணக்கம் வைக்காமல் போய்விட்டார். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "கால் பேண்ட்டுக்குள்ள இருந்தா யாருன்னு எப்படிங்க தெரியும்?" என்றாராம்.

தைப்பூசத்துக்குப் பழனிப் படிக்கட்டின் கீழே உட்கார்ந்துவிடுவார். காவடியோடு ஏறும் கால்களில் தளராத கால் எது என்று தேடுவார். ஒரு போலீஸ்காரர் வந்து பிடித்தார்.

"என்னய்யா, வெள்ளனே இருந்து காலையே பாத்துக்கிட்டு இருக்க? கொலுசு களவாங்கவா?"

"கொலுசெல்லாம் வேணாங்க. கால் மட்டும் போதும்."

அரை நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கன்னிவாடிச் சந்தையில் ஒரு முறை மூட்டை தூக்கிய ஒருவர் பின்னாலேயே அரை மைல் நடந்து போய், "எங்க காலேஜ்ல இன்டர்மீடியட் சேர்றீங்களா?" என்று கேட்டார். "எனக்கு வயசு நாப்பத்தஞ்சுய்யா. பேரன் இருக்கான்" என்றார் அவர். "இருக்கட்டுங்க. காலுக்கு இருபதுதான் ஆகுது" என்றார் சார்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். நான் மலைமேல் இருக்கும் கவுஞ்சி கிராமத்துக்காரன். வேறொரு கல்லூரியில் இன்டர் முதல் வருஷம் முடித்துவிட்டு, லீவில் உருளைக்கிழங்கு மூட்டை சுமந்து லாரி நிற்கும் இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தேன். மழைத் தூறல், கண்ணை மறைக்கும் மூடுபனி. எங்கள் ஊரையும் தாண்டி கிளாவரை கிராமம் வரை ஆள் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த சார், பனிக்குள் என் கால்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்க காலேஜுக்கு வந்துரு. தினம் ரெண்டு முட்டை. ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ."

கல்லூரி மாறினால் ஒரு வருஷம் போட்டியில் ஓடக் கூடாது என்று விதி. ஆசை காட்டி ஆள் இழுப்பது அதைவிடப் பெரிய குற்றம். நான் தயங்கியபடி அதைச் சொன்னேன்.

"ரூல் அது பாட்டுக்குக் கெடக்கு. காலுக்கு ரூல் தெரியுமா? வெரசா வா" என்றார்.

போனேன். அந்த வருஷமே ஐந்து மைல் ஓட்டத்தில் ஓடி ஜெயித்தேன். கோப்பையைச் சார் தொடக்கூட இல்லை. கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்க, அவர் தரையில் உட்கார்ந்து என் காலில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழைய கல்லூரி புகார் எழுதிப் போட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிட்டி வந்தது. உள்ளே போகுமுன் ஆபீஸ் கிளார்க் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏலே, காலேஜ் மாறுனதுக்கு டீமுக்குத்தான் தண்டனை. சார் ஆசை காட்டி இழுத்தாருன்னு ஆயிருச்சுன்னா அவரு வேலையே போயிரும். பாத்துப் பேசு."

மழை இருட்டில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் என்னைக் காட்டி, "இந்தப் பையனைத் தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று சாரைக் கேட்டார்.

சார் சிரமப்பட்டுத் தலையை நிமிர்த்தி என் முகத்தை வெகு நேரம் பார்த்தார்.

"இவரை நான் பாத்ததே இல்லீங்க."

சத்தியமாக அது பொய் இல்லை. பிரின்சிபாலுக்கு மூச்சு வந்தது. தலைவர் காகிதத்தை மடிக்கப் போனார். அதோடு விட்டிருக்கலாம்.

"இருங்க. தம்பி, வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்க."

வேறு வழியில்லாமல் தூக்கினேன். சார் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம கவுஞ்சிக்கால்! முன்னாடியே சொல்லக் கூடாதாங்க? நான்தாங்க கூட்டிட்டு வந்தேன்."

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு என்ன குடுத்தாரு? அதுக்காகத்தான வந்த?"

'இல்லை' என்ற ஒரு சொல் போதும். நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதுமே வாய் வராது. அன்றும் வரவில்லை. தலையைக் குனிந்தேன். மடையன் நான், அந்த கேன்வாஸ் ஷூவையே போட்டுக்கொண்டு போயிருந்தேன். தலைவரும் குனிந்து அதைப் பார்த்தார். எழுதிக்கொண்டார்.

கோப்பை திரும்பிப் போனது. கல்லூரிக்கு இரண்டு வருஷம் தடை. எனக்கு இனி எந்த மைதானமும் இல்லை. ஹாஸ்டலில் இடமும் இல்லை. படிப்பை விட்டுவிட்டு மூட்டைக்கே திரும்பினேன். சாருக்கு வேலை போனது.

அவர் ஊரை விட்டுப் போன அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தகரப் பெட்டியோடு தனியாக நின்றிருந்தார். போகிற வருகிற கால்களையெல்லாம் பார்த்தபடி இருந்தார். நான் வேட்டியைத் தரை வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு, அவருக்கு மூன்றடி தள்ளி நின்றேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

கமிட்டியின் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். முட்டைக்காகவும் ஷூவுக்காகவும் நான் போகவில்லை. அன்று ஏற்றத்தில் மூட்டையோடு நின்றவனிடம், முட்டைப் பேச்சுக்கெல்லாம் முன்னால் அவர் கேட்டது, "கால் வலிக்குதாய்யா?" என்றுதான். பத்து வயதிலிருந்து மூட்டை சுமக்கிறேன். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அதை என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை.