அந்தோனியாருக்குப் போன வாள்

வள்ளத்துத் தச்சுவேலை செய்யும் எமிலியானுஸ் ஓடாவியார் அன்றைக்கு ஒரு பெரிய முடிவோடு கண் விழித்தார். வாழ்நாளில் ஒரு தடவையாவது வீட்டுக்கு வருகிற சாமானைத் தானே தெரிவு செய்வது. கதிரை, அலுமாரி, மருமகன் எல்லாமே மனைவி பிரான்சிஸ்காவின் தெரிவு. ஒரு மெசினாவது அவருடையதாக இருக்கட்டும்.

சனூனின் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று ட்ரில் பிட் தீட்டும் மெசின். மற்றது மரம் அறுக்கிற மெசின் வாளின் சங்கிலியைத் தீட்டுவது. இரண்டுமே அவருக்குத் தேவைதான். பழைய வள்ளத்தில் துளை போட்டால் எங்கேயாவது ஒரு துருப்பிடித்த ஆணி காத்திருக்கும், பிட் மொட்டையாகிவிடும். பனையை அறுத்தாலோ, மன்னார்க் காற்று அதன் பட்டைக்குள் அடைத்து வைத்த மணல் சங்கிலியின் பல்லைத் தின்றுவிடும். ஆனால் இந்த வருஷத்துக்கு ஒரு மெசின்தான் என்று பிரான்சிஸ்கா சொல்லிவிட்டாள்.

வயிற்றைக் கேட்டால் ட்ரில் பிட் என்றது. வள்ளத்து வேலைதானே சோறு போடுகிறது. மனமோ வாளிடம் கிடந்தது. ட்ரில்லைப் பிடித்தால் அவர் வெறும் ஓடாவி. வாளை உறுமவிட்டால் பள்ளிமுனைத் தெருவே திரும்பிப் பார்க்கும். நாய்கள் கடலில் இறங்கி நிற்கும்.

அந்த வாள்தான் தவக்காலத்தில், மொட்டைச் சங்கிலியோடு மரத்தில் துள்ளி, அவருடைய காலைக் கடித்தது. பதினெட்டுத் தையல். குருத்தோலை ஞாயிறுக்கும் நொண்டிக்கொண்டே கோவிலுக்குப் போனார். அன்றிலிருந்து பிரான்சிஸ்கா வாள் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. நேரே கேட்டால் கிடைக்காது என்று நினைத்தார். அதனால் குறுக்கு வழி. முப்பது வருஷத்தில் அவர் கண்டறிந்த ஒரே உண்மை, அவர் கிழக்கென்றால் அவள் மேற்கென்பாள்.

"இஞ்சை பாரப்பா, ட்ரில் பிட் தீட்டுற மெசின்தான் வாங்கப்போறன்."

மீன் செதிள் தட்டிக்கொண்டிருந்த பிரான்சிஸ்கா நிமிரவில்லை. "ஓம்."

"ஓமோ?"

"பின்னை? வாங்குங்கோ."

எதிர்ப்பு வரவில்லை. அவர் இன்னும் ஒரு பிடி உப்புப் போட்டார்.

"மற்ற மெசின் எனக்குத் தேவையே இல்லை."

"சரி."

"அந்த வாளும் ஒரு சனியன். இனி அதை ஆர் தொடுறது?"

கத்தி நின்றது. "என்ன சொன்னனீங்கள்?"

மீன் தூண்டிலைத் தொட்டுவிட்டது என்று ஓடாவியாருக்குப் புளுகம், ஒரே சந்தோசம். "அந்த வாள் எனக்கு வேண்டாம் எண்டனான்."

"மாதாவாணை?"

"அந்தோனியாராணையும்!"

பிரான்சிஸ்கா கையைக் கழுவினாள். மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டாள். "அப்ப நீங்கள் சொன்னதையே வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஓடாவியார் வேர்த்துப் போய்க் கடைக்கு வந்தார்.

"எதை எடுக்க? மூண்டு மாசமாத் தடவுற சங்கிலிப் பெட்டியையா?" என்றார் சனூன்.

"அதைத்தான். வீட்டில கேட்டா, மற்றது முடிஞ்சு போச்செண்டு சொல்லும்."

"பொய் சொல்ல மாட்டன் ஓடாவியார். நீங்க சொல்லுங்க. நான் பேசாம நிக்கிறன்."

வீட்டில் அவர் பொய்யைச் சொன்னார். பிரான்சிஸ்கா சங்கிலி மெசினைப் பார்த்தாள். "பரவாயில்லை. வையுங்கோ." ஏச்சு இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கொட்டிலுக்கு ஓடினார். வாள் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது.

"வாள் எங்கையப்பா?"

"கோவிலில."

"கோவிலில அதுக்கென்ன வேலை?"

"உங்கட கால் சுகமானா வாளை அந்தோனியாருக்குக் குடுக்கிறதெண்டு நேர்த்தி வைச்சனான். ஆனா உங்கட சாமானை, உங்கட வாயால வேண்டாமெண்டு சொல்லாம, நான் தூக்கிக் குடுக்கேலுமே? மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்குச் சொன்னீங்கள். ஆணையும் வைச்சீங்கள்."

ஆனி மாதத் திருநாள் பூசை முடிய, நேர்த்திப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு சேவலுக்குப் பிறகு, தேங்காய்க் குலைக்கு முன்னர், வாள். நேர்த்தி கொடுத்த வீட்டார் அதைத் திருப்பி எடுத்தால் ஊர் சிரிக்கும். எமிலியானுஸின் கை இரண்டு தடவை தானாக எழும்பியது. இரண்டு தடவையும் பிரான்சிஸ்கா பார்த்தாள். இரண்டு தடவையும் அவர் தலையைச் சொறிந்தார். வாளை நாலாம் வீட்டு அந்தோனிமுத்து எடுத்தான்.

மத்தியானம் சோற்றைப் போட்டபடி அவள் சொன்னாள்:

"வாள் வேணும், கவனமாப் பிடிக்கிறன் எண்டு நேரே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். பாதரிட்டக் கேட்டு நேர்த்தியை மெழுகுதிரியா மாத்தியிருப்பன்."

"நீ விட்டிருப்பியோ?"

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முப்பது வருஷத்தில் நேரே கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியவை எத்தனை என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார். 

திங்கட்கிழமை வாசல் படலையடியில் அந்தோனிமுத்து நின்றான். தோளில் வாள்.

"ஓடாவியார், சங்கிலி மொட்டை. உங்களிட்டத் தீட்டுற மெசின் இருக்காமே? அக்கா சொன்னவ."

குசினிக்குள் இருந்து பிரான்சிஸ்காவின் குரல் வந்தது. "இருங்கோ தம்பி. சும்மாவே தீட்டித் தருவார்."

தீட்டினார். பல் பல்லாக, ஒரு குறையும் வைக்காமல் தீட்டினார். அவர் வைத்திருந்த காலத்தில் அந்தச் சங்கிலி ஒரு நாளும் அத்தனை கூராக இருந்ததில்லை. பிறகு மொட்டை ட்ரில் பிட்டுகளை எடுத்துக்கொண்டு வள்ளத்தடிக்கு நடந்தார்.

பின்னால் வாள் உறுமியது. நாய்கள் கடலுக்கு ஓடின. தெருவே திரும்பிப் பார்த்தது, அந்தோனிமுத்துவை.