இருதயநாதனின் நேர்ச்சைக் கம்பு

"வளைஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும் சார். இதை வச்சு யாரை அடிக்கப் போறீங்க?"

"பந்தைத்தான் மருதை. மன்னார்புரம் கிளப்புல பில்லியர்ட்ஸ் மேஜை இருக்கு. முக்கோணமா அடுக்கின பதினஞ்சு பந்தையும் முதல் அடியிலேயே சிதறடிக்கணும். கிளப் கம்பெல்லாம் கோணல். மெட்ராஸ்ல கேட்டா ஒரு மாசச் சம்பளம் சொல்றான்."

உறையூர் கடைசல் பட்டறை மருதை, கட்டில் கால் கடையும் கையால், கட்டில் கால் விலைக்கே அந்தத் தேக்குக் கம்பைக் கடைந்து கொடுத்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா இருதயநாதன் அதை ஸ்கூட்டர் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கோ பனி பெய்யும் தேசத்துக் குதிரை வீரன், ஈட்டியோடு மேலப்புதூர் வீட்டுக்குப் போவதாக அவருக்குத் தோன்றியது. கிளப் போட்டியில் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

சிக்கல் ஒன்றுதான். கிளப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று வேளாங்கண்ணியில் மனைவி அக்னஸுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அக்னஸ் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க இது, இவ்வளவு நீளமா?"

"கோயிலுக்கு. பீடத்துல உயர இருக்கிற மெழுகுவத்தியை ஏத்துற கோல். நேர்ச்சை."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பூசைக்கே பாதியில் வருகிற மனுஷன் நேர்ச்சை என்றதும் அக்னஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பைத் துடைத்து மல்லிகைச் சரம் சுற்றினாள். பக்கத்து வீட்டு லூர்துராணியிடம் சொன்னாள். மறுநாள் காலையில் பங்குச்சாமியாரே வந்துவிட்டார்.

"கொஞ்சம் கோணலா இருக்கு சாமி. நிமித்திக் கொண்டாந்து தரேன்," என்றார் இருதயநாதன்.

சாமியார் ஒரு கண்ணை மூடிக் கம்பை நீளவாக்கில் பார்த்தார். மேஜைமேல் உருட்டியும் பார்த்தார்.

"துளி கோணல் இல்ல இருதயம். அருமையான கம்பு."

தீர்த்தம் தெளித்து மந்திரித்து, தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

மந்திரித்த பொருளை எப்படித் திருப்பிக் கேட்பது? இருதயநாதன், பீடத்து வேலை பார்க்கும் கோயில்பிள்ளை அற்புதசாமியிடம் ஓடினார்.

"ஞாயித்துக்கிழமை மெழுகுவத்தியை நானே ஏத்தறேன்."

ஏற்றிவிட்டு அப்படியே கம்போடு நழுவிவிடலாம் என்று கணக்கு. ஞாயிறு காலையில் அற்புதசாமி பழைய மூங்கிலை நீட்டினார்.

"புதுசு எங்கே?"

"சாமி தன்னோட ரூம்லயே வச்சுப் பூட்டிட்டாருங்க."

முதல் வரிசையில் அக்னஸ் கைகூப்பி உட்கார்ந்திருக்க, ஆறு மெழுகுவத்தியையும் மூங்கிலால் ஏற்றினார். ஒன்று சாய்ந்து பீடத்துணி கருகியது.

பூசை முடிந்தது. அக்னஸ் பெருமையாகப் பக்கத்தில் நடந்து வந்தாள். பின்னாலிருந்து அற்புதசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், நேத்து நம்ம சாமி மன்னார்புரம் கிளப்புல செமிஃபைனல்ல ஸ்ரீரங்கத்துக்காரரை ஜெயிச்சுட்டாருங்க. நீங்க கொடுத்த கம்பால முதல் அடியிலேயே பந்தெல்லாம் சிதறிடுச்சாம். சாயங்காலம் ஃபைனல்ல உங்ககூடத்தான் ஆட்டமாமே. அவரையும் கம்பையும் உங்க ஸ்கூட்டர்லயே ஏத்திக்கிட்டுப் போக முடியுமான்னு கேட்டு வரச் சொன்னாரு."