கண்ணைப் பார்த்துப் பேசு

"இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

பெண் பார்க்க வந்தவனிடம் காபித் தட்டை நீட்டிக்கொண்டே அஸ்வினி இதைக் கேட்டதும், அவள் அப்பா நல்லகாமன் கையிலிருந்த முறுக்கு நழுவியது. கேள்வி அவருடையதாயிற்றே! ஆரப்பாளையத்தில் மாடி அறை பிடித்து, வேலை தேடும் பிள்ளைகளுக்கு 'உலகத் திறன் பயிற்சி' நடத்துகிறவர் அவர். நாளைக்கு எந்த வேலை இருக்கும், எது போகும் என்றே தெரியாத காலத்தில் இண்டர்வியூவில் எப்படி நிமிர்ந்து உட்காருவது, எதைக் கேட்டால் எதைச் சொல்வது, எல்லாம் சொல்லித்தருவார். நேரில் வர முடியாதவர்களுக்குக் கேசட்டும் உண்டு. பெற்ற மகளும் அதையெல்லாம் கேட்டு வளர்ந்திருக்கிறாள் என்பது மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

மாப்பிள்ளை சூரியபிரகாஷுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை என்றார்கள். பையன் அசரவில்லை. "எங்க இருக்கேங்கிறதை விட, என்ன கத்துக்கிட்டேங்கிறதுதாங்க முக்கியம்" என்றான், அவள் கண்ணைப் பார்த்து.

நல்லகாமன் சொக்கிப்போனார். நம் மனசில் இருப்பதை அப்படியே பேசுகிறானே, கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அஸ்வினி விடுகிறாளா? கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. உங்கள் கம்பெனியில் எப்படி என்று கேட்டாள். மாற்றத்தை வாய்ப்பாகத்தான் பார்க்கிறேன் என்றான் அவன்.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே?"

மாப்பிள்ளையின் அம்மா செல்லத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்லகாமன் சிரித்து மழுப்பி, பிள்ளை விளையாட்டுக்காரி என்று சமாளித்து, வடை எடுத்து வரச்சொல்லி மகளை உள்ளே விரட்டினார். வடையோடு அதே கேள்வியும் திரும்பி வந்தது.

அவருக்கு மானம் போனது. "தரையைப் பாத்து நில்லு" என்று அதட்டினார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணைப் பார்த்துப் பேசு என்று தொண்டை வற்றக் கத்துகிறவர்! அவள் தலை குனிந்தாள்.

வந்தவர்கள் மனம் கோணிவிடக் கூடாதே என்று அடுத்த கிறுக்குத்தனமும் செய்தார். இன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். மனைவி அழகம்மாள் அடுப்படி வாசலில் நின்று, ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுச் செய்யலாமே என்று கையைப் பிசைந்தாள். இப்படிப் பேசுகிற பையனை விசாரிப்பதே பாவம் என்று அவள் வாயை அடைத்தார். சோழவந்தான் வெற்றிலை வைத்த தட்டுகள் கை மாறின. எங்கள் பக்கம் தட்டு மாறினால் பேச்சு முடிந்தது. பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு.

அஸ்வினி இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லகாமனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படி அதட்டியிருக்க வேண்டாம், பாவம், கேட்கவேண்டியதைத்தானே கேட்டாள். அவர்கள் கிளம்பியதும் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எண்ணிக்கொண்டே வாசல்வரை வழியனுப்பப் போனார்.

செல்லத்தாய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இனி நம்ம ஒரே குடும்பம், சொன்னா என்னண்ணே. வேலை போனதுல இருந்து எம்புள்ள செவுத்தப் பாத்தே உக்காந்திருந்தான். உங்க கேசட்டுத்தான் அவனைப் பேச வச்சுச்சு. இன்னைக்கு உங்க மககிட்டப் பேசுன அம்புட்டும் நீங்க சொல்லிக்குடுத்ததுதாண்ணே."