அண்ணன் முதுகில் எழுதிய தண்டுவடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் முடிவில் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அம்மா கேட்கச் சொன்னாள், கேட்கவில்லை. அண்ணன் வாய்விட்டுச் சொல்லவில்லை, கேட்டால் நன்றாயிருக்கும் என்பது போல முகத்தை மட்டும் வைத்துக்கொண்டான். அப்போதும் கேட்கவில்லை. ஒரு பெண் பரீட்சைக்குப் படித்தாள், படிக்கும்போது கொஞ்சம் மை செலவானது, நடந்தது அவ்வளவுதான். அந்த மை எங்கே செலவானது என்பதில்தான் இரண்டு குடும்பங்களுக்கும் என் மேல் வருத்தம்.

அப்போது நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பிசியோதெரபி மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை நரம்பியல் வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை அதில் கோட்டைவிட்டிருந்தேன். இந்த முறையும் விட்டால் ஒரு வருடம் போய்விடும். சனிக்கிழமை மூட்டை கட்டிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் வீட்டுக்கு வந்து, படிக்க உட்கார்ந்தேன்.

பாடம் இதுதான். 'காலைத் தூக்கு' என்று மூளை போடும் உத்தரவு தண்டுவடம் வழியாகக் கீழே இறங்க ஒரு பாதை. காலில் முள் குத்தினால் அந்த வலி மேலே ஏற ஒரு பாதை. தொட்டால் தெரிவதும், கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் மேலே போக இன்னொரு பாதை. மூன்றும் எங்கேயோ ஓரிடத்தில் உடம்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டும். அதனால்தான் வலது மூளை இடது கையை ஆட்டுகிறது. எது எங்கே தாண்டும் என்பதைக் கேட்டுத்தான் தேர்வாளர்கள் மாணவர்களைக் கவிழ்ப்பார்கள். (தாண்டுவதில் எனக்கு அதுவரை இருந்த அனுபவம் விடுதி காம்பவுண்டு சுவர் மட்டும்தான்.)

புத்தகத்தில் பார்த்தால் மூன்று கோடுகளும் நூடுல்ஸ் மாதிரி கலந்துவிட்டன. பெரிதாக, ஆள் உயரத்துக்கு வரைந்து பார்த்தால் மண்டையில் ஏறும் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து என் அண்ணன் வேலு, சர்க்கரை ஆலையில் ஷிப்டு முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு ஃபேனுக்கு அடியில் குப்புறப் படுத்தான். கரும்பு லாரி நிற்கும் அளவுக்கு அகலமான முதுகு.

"ண்ணா, ஒரு பத்து நிமிஷம் ஆடாம படுத்துக்க. முதுவுல கோடு போட்டுக்குறேன்."

"அழியும்ல?"

"அழியும், அழியும்."

அழியாது என்று மூன்று மார்க்கர்களின் மேலேயும் எழுதியிருந்தது. நான் மூடியின் நிறத்தைத்தான் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. உத்தரவு இறங்க சிவப்பு, வலி ஏற நீலம், தொடுவுணர்ச்சிக்குப் பச்சை. இடுப்பிலிருந்து பிடரி வரை மூன்றையும் நேராக இழுத்து, பிடரிகிட்டே மூன்றையும் ஒரே இடத்தில் எதிர்ப்பக்கம் தாண்டவைத்தேன். பக்கவாட்டில் விலா வரை கிளைகள் வேறு. பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது. அண்ணன் குறட்டை விட்டுத் தூங்கினான்.

அம்மா காபியோடு உள்ளே வந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அடிப்பாவி, நாளைக்கு அவன் கோயில்ல சட்டைய கழட்டணுமே."

இங்கே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். மறுநாள் ஞாயிறு, அண்ணனுக்குப் பெண் பார்க்கும் நாள். பெண் கடலூரில் நர்ஸ், பெயர் தேன்மொழி. சிதம்பரம் கோயிலில் இரு வீட்டாரும் சந்திப்பதாகப் பேச்சு. அண்ணனுக்கு முப்பத்து மூன்று வயது. அதற்குமுன் வந்த வரன்கள் எல்லாம் ஷிப்டு வேலை, சொட்டை என்று ஏதாவது காரணம் சொல்லித் தட்டிப் போயின. அம்மா இந்த இடத்தைத்தான் கெட்டியாக நம்பியிருந்தாள். நடராஜர் சன்னதிக்கு உள்ளே போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். மார்க்கர் கையிலிருந்தபோது மட்டும் தெரியவில்லை.

தேங்காய் எண்ணெய் தடவினோம். சானிடைசர் ஊற்றினோம். பாத்திரம் தேய்க்கும் நாரால் அம்மா தேய்த்தாள், அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீலமும் பச்சையும் மங்கிச் சேற்று நிறமாயின. சிவப்பு போகவில்லை. தேய்க்கத் தேய்க்கக் காவி நிறத்துக்கு வந்தது. நாரின் புண்ணியத்தில் சுற்றிலும் தோல் தடித்துச் சிவந்தும் போனது.

"வுடும்மா, துண்டு போத்திக்குறேன்" என்றான் அண்ணன். அவன் எப்போதும் அப்படித்தான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றியிருப்பேன்.

கோயிலில் எல்லாம் நன்றாகவே போனது. தேன்மொழி, அவருடைய பெரியப்பா, நாங்கள் மூவர். பெரியப்பாதான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம். வெள்ளை மீசை, கையில் காகிதத்தில் மடித்த விபூதி. அண்ணன் அகலத் துண்டைப் போர்த்திக்கொண்டு புதுமணப்பெண் மாதிரி நடந்தான். தரிசனம் முடிந்து வெளிப் பிராகாரத்துக்கு வந்ததும் அவனுக்குப் பக்தி பெருகிவிட்டது. கொடிமரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் விழுந்தான், துண்டு தனியாக ஒரு பக்கம் விழுந்தது.

பெரியப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"என்னாம்மா இது. மாப்பிள்ளைக்கு அக்கி எழுதிகீது."

அக்கி என்கிற கொப்புள நோய் வந்தவர்களுக்கு எங்கள் பக்கம் உடம்பில் காவியால் படம் எழுதுவார்கள். காவி நிறக் கோடு, சுற்றிலும் தடிப்பு. அவர் மேல் தப்பில்லை, பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"இவ்ளோ ஜாஸ்தியா வந்துக்கீது, எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே."

அண்ணன் எழுந்து துண்டைத் தேடினான். நான் முன்னால் போனேன்.

"அக்கி இல்லிங்க. நான்தான் எழுதுனேன். இது தண்டுவடம்."

"என்னாது வடம்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிராகாரத்திலேயே அண்ணனைத் திருப்பி நிறுத்தி, முதுகைக் கரும்பலகையாக்கிப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். இரண்டு வெளியூர்க் குடும்பங்கள் வழிகாட்டி பேசுகிறார் என்று நினைத்து வந்து நின்றன. "இது உத்தரவு எறங்குற வழி. இது வலி ஏறுற வழி. நேரா மேல போயி, இங்க பிடரிகிட்ட மறுபக்கம் தாண்டும்" என்றேன்.

"வலி அங்க தாண்டாதுங்க" என்றது ஒரு குரல்.

தேன்மொழி. அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"மத்த ரெண்டும் நீங்க சொன்ன எடத்துலதான் தாண்டும். வலி, சூடு ரெண்டும் தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்சதும் கிட்டத்துலயே மறுபக்கம் போயிடும். அப்புறம் அந்தப் பக்கமாவே மேல ஏறும்."

"இல்ல, புக்குல அப்படித்தான் இருக்கு" என்றேன். புத்தகத்தில் அப்படி இல்லை. எனக்கு அது அந்த நொடியே சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுக்கும் ஜாதகமா என்னுடையது.

"எங்க வார்டுல ஒருத்தரு இருந்தாரு" என்றார் அவர், பொறுமையாக. "தென்னமரத்துலேந்து விழுந்தவரு. தண்டுவடத்துல ஒரு பக்கம் மட்டும் அடி. வலது கால் அசையாது. ஆனா ஊசி குத்துனா தெரியாதது இடது கால்ல. பாவம், நல்லா நடக்குற கால்லதான் சுடுதண்ணிய ஊத்திக்கிட்டாரு, கொப்புளம் வந்தப்பறம்தான் பாத்தோம். நீங்க போட்ட கோடு சரின்னா அப்டி ஆவாதே."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வலி ஏறுவதை நேரில் நிரூபிப்பது என்று முடிவு செய்து, துப்பட்டாவிலிருந்து ஊக்கை எடுத்து அண்ணன் விரலில் குத்தினேன். (இதனால் எது எங்கே தாண்டுகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தேன்மொழியும் பிறகு அதைத்தான் கேட்டார்.)

கையைச் சுட்டால் மூளைக்குத் தகவல் போய்ச் சேரும் முன்பே தண்டுவடம் கையை இழுத்துவிடும். அந்த ஒரு பாடம் அன்று பிழையில்லாமல் நிரூபணமானது. முதலில் அண்ணன் கை பின்னால் போனது, முழங்கை பெரியப்பாவின் விபூதிப் பொட்டலத்தில் இடித்தது, பொட்டலம் அவர் முகத்தில் வெடித்தது. அதற்கப்புறம்தான் அண்ணன் "ஆ" என்றான்.

மீசை எது விபூதி எது என்று தெரியவில்லை. பெரியப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல இது என்னா கூத்து. கௌம்பு தேனு, இந்த எடம் வேணாம்."

"மன்னிப்பு கேளுடி" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா கேக்கணும்" என்றேன். "படிக்கத்தான எழுதுனேன். முகத்துல கொட்டுனதுக்கு வேணா தண்ணி எடுத்தாறேன். எழுதுனதுக்கு கேக்க மாட்டேன். அண்ணன் முதுவு இல்லன்னா நான் இந்த தடவையும் ஃபெயிலு."

"இந்த முதுவ வச்சி படிச்சா இந்த தடவையும் ஃபெயிலுதான்" என்றார் தேன்மொழி. பிறகு அண்ணனிடம் முதல்முறையாகப் பேசினார். "எவ்ளோ நேரம் படுத்திருந்தீங்க?"

"ஒன்றர மணி நேரங்க."

"திட்டலியா?"

"அதுக்குப் பரிச்சைங்க" என்றான் அண்ணன், அதுதான் உலகத்திலேயே இயல்பான காரணம் என்பது போல.

தேன்மொழி தன் கைக்குட்டையால் பெரியப்பாவின் கண்ணைத் துடைத்தார். துடைத்தபடியே, "எனக்கு இந்த எடம் போதும் பெரியப்பா" என்றார். "ஊட்டுப் பொண்ணு படிக்க முதுவ குடுக்குறாரு. நான் நைட் டூட்டிக்குப் போனா சோறு பொங்க மாட்டாரா."

பெரியப்பா இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டார். அந்தப் பெண் அசையவில்லை. தையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கழுத்து வரை பட்டன் போட்டிருந்தான்.

கோயிலுக்குப் போன மறுநாள், திங்கட்கிழமைத் தேர்வில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, வலி எங்கே தாண்டும் என்பதுதான். தென்னை மரத்துக்காரர் கதையை அப்படியே சொன்னேன், சுடுதண்ணீர் உட்பட. அவர் பேனாவை வைத்துவிட்டு, "இந்த பேஷண்ட எங்கம்மா பாத்தீங்க?" என்றார். "கோயில்ல சார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பாஸ்.

இப்போது கடலூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களை நடக்க வைப்பதுதான் தினப்படி வேலை. ஆனால் பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, அது நெல்லிக்குப்பம் வரை போய், போகும் வழியில் நான் பிசியோ என்பது உதிர்ந்து, அக்கி மட்டும் மிஞ்சிவிட்டது. மாதத்துக்கு ஒருவராவது சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அக்கி என்பது நரம்போடு போகும் கிருமி, உடனே டாக்டரிடம் மாத்திரை வாங்குங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் என்னைத் தொழில் ரகசியத்தை மறைக்கிறவளாகப் பார்க்கிறார்கள்.

போன மாதம் வந்த ஒரு போனை, அண்ணி இப்போது எல்லா விசேஷத்திலும் குரல் மாற்றிப் பேசிக் காட்டுகிறார்.

"மேடம், மூணு கலர்ல அக்கி எழுதுறது நீங்கதானா?"

"நான் எழுதுறதில்லிங்க. இன்னைக்கே தோல் டாக்டர பாருங்க" என்றேன்.

அவர் "ம்ம்" என்று இழுத்தார். யோசிக்கிறார், நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சரிங்க மேடம். உங்களுக்கு டைம் இல்லன்னா பரவால்ல. ஒரு கலர்ல எழுதுறவங்க யார்னா தெரியுமா?"