வெள்ளை கட்டிய பாட்டறை

நெடுந்தீவு மேற்கு,
23.09.1984

என் அன்பு மகள் சத்தியபாமா காண்க.

உனக்கும் மருமகன் தம்பிராசாவுக்கும், இன்னும் முகம் காட்டாத என் பேரப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமலிருக்க நயினை அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் ‘நாங்கள் யாவரும் நலம்’ என்று எழுதுவேன். இம்முறையும் பழக்கத்தில் எழுதிவிட்டேன், பிறகு வெட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் கந்தோரில் இலிகிதராக எழுதியே பிழைத்தவனின் கடிதத்தில் வெட்டைக் கண்டால் நீ பயப்படுவாய் என்பதால் விஷயத்தை முதலே சொல்கிறேன். அம்மாவின் தொண்டைக் கட்டியை எடுத்துவிட்டார்கள். மூன்று கிழமை ஆகிறது. உயிருக்குப் பயமில்லை. டொக்ரர் முன்கூட்டியே சொன்னபடி குரல் இனி வராது.

‘ஒப்பரேசனுக்கு முதல் அம்மாவின் தாலாட்டைப் பதிந்து அனுப்புங்கோ, என் பிள்ளை அந்தக் குரலைக் கேட்டு நித்திரை கொள்ள வேண்டும்’ என்று எழுதி, றேடியோ கசற் பெட்டியும் பதிவதற்கு ஒரு கசற்றும் அனுப்பியிருந்தாய். அத்தோடு மருமகன், குறைந்த செலவில் வீட்டிலேயே பாட்டுப் பதியும் அறை அமைப்பது எப்படி என்று இரண்டு பக்கத்தில் விளக்கியிருந்தார். முட்டை அடுக்கும் கடதாசித் தட்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டினால் எதிரொலி வராதாம். ஜேர்மனியில் முட்டைக்குக் கூடத் தனித்தனி அறை கொடுத்து வைத்திருக்கிறார்கள் போலும். யாகப்புவின் கடைக்குப் போய்க் கேட்டேன். “அண்ணை, இஞ்சை முட்டை கடகத்துக்கை உமியிலை கிடந்து வாறது. தட்டெண்டு ஒண்டை நான் கண்ணாலையும் காணேல்லை. உமி வேணுமெண்டால் கொண்டுபோங்கோ” என்றான்.

உமி சுவரில் நிற்காது என்பதால் வைக்கோலைத் தெரிவு செய்தேன். சாமான் அறையை ஒழித்து, கல்லுச் சுவரோடு வைக்கோலை ஒரு சாண் தடிப்புக்கு அடுக்கி, அது விழாமலிருக்கச் சவிரிமுத்துவிடம் பழைய வலை வாங்கி மேலே இழுத்துக் கட்டினேன். வலை காய்ந்துதான் இருந்தது, ஆனால் அதில் அகப்பட்ட மீன்களெல்லாம் இன்னும் அதை விட்டுப் போகவில்லை என்பது கதவைச் சாத்திய பிறகுதான் தெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தா. “மூக்கைப் பொத்திக்கொண்டு பாட ஏலாது, கையை எடும்” என்றேன். “கையை எடுத்தால் வயித்தைப் பிரட்டிச் சத்திதான் வரும், அதைப் பதியுங்கோ” என்றா. ஒருவாறு பாடத் தொடங்கினா. முதல் நாளே நாலு அடியும் முழுதாகப் பாடினா, மகள். அவ்வளவு நன்றாகப் பாடினா. கடைசி அடியில் யன்னலுக்கு வெளியே ஒரு காகம் கத்தியது. நான் திரும்பச் சுற்றி, அதன் மேலேயே இரண்டாந்தரம் பதிந்தேன்.

இதைத்தான் உனக்கு எப்படி எழுதுவதென்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிய தாளில் ஒரு மைப்பொட்டு விழுந்தாலும் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதிப் பழகிய கை இது. காகம் கத்தினால் அழித்தேன், பனையோலை உரசினால் அழித்தேன், நானே தும்மினதற்கும் அழித்தேன். மூன்றாம் நாள் ஒரு சத்தமும் இல்லாமல் பாட்டு அருமையாய்ப் போனது. போட்டுக் கேட்டால், பாட்டின் அடியில் ‘நறுக் நறுக்’ என்று ஒன்று கேட்கிறது. அம்மா பல்லைக் கடிக்கிறாவோ என்று பார்த்தேன். மழையில்லாமல் புல்லுக் கருகியதால் தீனி தேடித் திரிகிற மட்டக்குதிரை ஒன்று என் முதுகுக்குப் பின்னால் யன்னலுக்குள் தலையை விட்டு எங்கள் அறையைத் தின்றுகொண்டிருந்தது. யன்னலைச் சுற்றி வெறும் வலைதான் மிச்சம். அதையும் அழித்தேன். “உங்களுக்கென்ன விசரே? பாட்டுப் பதியிறியளோ, சோதினை வைக்கிறியளோ?” என்று அம்மா கேட்டா. அப்போதே குரல் கரகரக்கத் தொடங்கியிருந்தது. நான் கவனிக்கவில்லை. குதிரையைக் கலைப்பதிலேயே என் கவனம் இருந்தது.

நாலாம் நாள் திரும்ப வைக்கோல் அடுக்கியதில் தூசி கிளம்பி அம்மாவுக்கு இருமல் வந்தது. தூசியை அடக்க, அலுமாரியிலிருந்த என்னுடைய வேட்டிகள் ஏழையும் எடுத்துச் சுவரைச் சுற்றியும் தலைக்கு மேலேயும் கட்டினேன். “இஞ்சேருங்கோ, இது நல்லாயில்லை” என்று அம்மா சொன்னா. “மருமகன் துணி தொங்கவிடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார்” என்று சொல்லி அவவின் வாயை அடைத்தேன். செத்தவீட்டில்தான் வெள்ளை கட்டுவார்கள் என்பது தீவில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோய்விட்டது.

மத்தியானம், சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருக்கிறா. உன் மாமி அன்னப்பிள்ளை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறா. மதிலை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டோமென்று நாலு வருஷமாய் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவ, வெள்ளையையும் கண் மூடிய மச்சாளையும் யன்னலால் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து அம்மாவின் காலடியில் விழுந்தா. “என்ரை மச்சாளே, என்ரை தங்கமே, உன்னோடை ஒரு சொல்லுக் கதையாமல் விட்டிட்டனே! அந்த ஒரு முழத்தை நீயே வைச்சிரணை!” என்று ஒப்பாரி. பின்னாலே அயல்வீட்டு எமிலியும் இன்னும் மூன்று பெண்களும். அம்மா கண்ணைத் திறந்து, “மச்சாள், இவ்வளவு அன்பை இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீர்?” என்றா. அன்னப்பிள்ளைக்கு மயக்கம் வந்துவிட்டது. எமிலி சிலுவை போட்டுக்கொண்டு படலை வரைக்கும் ஓடிவிட்டா. அம்மா சிரித்தா. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தா. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவ அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. எல்லோரும் போன பிறகு, பொத்தானை நிற்பாட்ட மறந்துவிட்டது தெரிந்தது. “அழிக்காதேங்கோ, கிடக்கட்டும், பிள்ளை கேட்டுச் சிரிக்கட்டும்” என்று அம்மா சொன்னா. கேட்டேனா? ஒப்பாரி இருக்கும் கசற்றைப் பிள்ளைத்தாய்ச்சிக்கு அனுப்பலாமா என்று அதன் மேலேயும் பதியத் தொடங்கினேன்.

அன்றைக்குச் சிரித்ததோடு தொண்டை கட்டிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் பாட ஏலவில்லை. அதற்கடுத்த நாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகக் கடல் கடக்கிற லோஞ்சுக்கு வெளிக்கிட வேண்டும். பெட்டியும் கட்டியாயிற்று. அம்மா தானாகவே போய் அந்தக் கதிரையில் இருந்தா. “காகம் கத்தினாலும் குதிரை வந்தாலும் நிப்பாட்டக் கூடாது, சொல்லிப்போட்டன்” என்றா. நான் ஓம் என்றேன். இரண்டு அடி பாடினா. மூன்றாவதில் குரல் எழும்பவில்லை. இரண்டு தரம் எடுத்துப் பார்த்தா. பிறகு, “மிச்சம் அவளுக்குத் தெரியும், அவள் பாடட்டும். வாங்கோ, லோஞ் போகப்போகுது” என்றா. அவ்வளவுதான், மகள். முழுப் பாட்டுகளை அழித்த மனுஷனுக்கு ஏழாம் நாள் கிடைத்தது அரைப் பாட்டு. அம்மாவின் குரலை அந்தக் கட்டி பறிப்பதற்கு முதல் நானே துண்டு துண்டாக அழித்துவிட்டேன் என்ற நினைப்பு என்னை விடுகிறதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் கசற்றை முழுக்கப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் சரியாகத் தொடக்கத்துக்குப் போகாமல் குத்துமதிப்பாய்த் திரும்பச் சுற்றிப் பதிந்தபடியால், அரைப் பாட்டு முடிந்த பிறகு பழையவற்றின் வால்கள் அழியாமல் கிடக்கின்றன. வைக்கோல் தின்னும் சத்தம் கொஞ்சம். ‘கையை எடும், நிமிர்ந்து இரும்’ என்று நான் அதட்டுவது நிறைய. கடைசியில், அழித்துவிட்டேன் என்று நான் நினைத்திருந்த அந்தச் சிரிப்பு. அது முழுதாய் இருக்கிறது. இப்போது அம்மா சிலேட்டில் எழுதித்தான் என்னோடு கதைக்கிறா. குசினியிலிருந்து கூப்பிடுவதென்றால் கரண்டியால் சருவச்சட்டியில் தட்டுவா. ஒரு தட்டு என்றால் வா என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் வந்தது காணும், போ என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டுதான். அன்னப்பிள்ளை தினமும் கஞ்சி கொண்டுவருகிறா. மதில் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

மாக்கிறேற் ரீச்சர் நாளைக்குக் கொழும்புக்குப் போகிறா. இந்தக் கடிதத்தையும் கசற்றையும் அவவின் கையில் கொடுத்துவிடுகிறேன். அங்கிருந்து பதிவுத் தபாலில் போடுவா. ஒரு பாட்டும் முழுதாய் இல்லாத கசற்றை அனுப்புவதற்கு அப்பாவை மன்னித்துக்கொள். பாரம் தூக்காதே. குளிரில் வெறுங்காலோடு திரியாதே. சுகமாய்ப் பிள்ளை பெற்று, நீயும் பிள்ளையும் மருமகனும் நீடூழி வாழ இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ஏ. வல்லிபுரம்

பி.கு.: இந்தக் கடிதத்தோடு கசற் வராது. காலையில் ரீச்சர் வந்தபோது அம்மாதான் அதைத் துணியில் சுற்றி அவவின் கையில் கொடுத்தா. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ரீச்சர் ஒழுங்கை முடியும்வரை போன பிறகு, இந்த வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலே ஓடிப்போய்த் திருப்பி வாங்கிவிட்டேன். உறையைத் திறந்து இந்த நாலு வரியையும் ஒழுங்கையில் நின்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்குப் போனால் அம்மா சிலேட்டில் என்ன எழுதுவா என்று எனக்குத் தெரியும். மருமகன் என்னைச் சுயநலக்காரன் என்பார். உண்மைதான். நீ பிள்ளைக்குப் பாடும்போது அதைப் பதிந்து ஒரு கசற் அனுப்பு. அது வந்து சேர்ந்ததும் இதை அனுப்புகிறேன். அதற்குப் பிறகும் அனுப்புவேன் என்று நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது, மகள்.